கூட்டும் கோரிக்கையும்: கல்முனைக் கரையில் ஓர் அரசியற் சிந்தனையின் பரவல்

இயக்கங்கள் தம்முள் இணையுங்கால் ஒன்றன் கொள்கை மற்றதனிடம் பரவும் என்பது பொதுக் கருத்து. பரவுவது கொள்கையா, கோரிக்கையை வகுக்கும் முறையா என்பது ஆராயற்பாலது. அம்பாறைக் கரையோரத்து அரசியல் வரலாறு பின்னதற்கே சான்று பகர்கின்றது.

ஒருவர் முறையை மற்றவர் ஏற்றல் அக்கரைக்குப் புதிதன்று. தமிழர் கோயில்களில் தாய்வழிக் குடிகளின் சார்பில் வண்ணக்கர் அமர்ந்தமை போன்றே, பள்ளிவாசல்களில் குடிகளின் சார்பில் மரைக்காயர் அமர்ந்தனர். சமயம் வேறாயினும் நிருவாக அமைப்பு ஒத்திருந்தது.

1949இல் தோன்றிய இலங்கைத் தமிழரசுக் கட்சி, முஸ்லிம்களையும் உள்ளடக்கித் ‘தமிழ் பேசும் மக்கள்’ என்னும் தொடரைக் கையாண்டது. தனிச் சிங்களக் கொள்கை அச்சுறுத்திய 1956ஆம் ஆண்டுத் தேர்தலில் அத்தொடர் பயன் தந்தது. கல்முனையில் எம். எஸ். காரியப்பரும், பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் அக்கட்சியின் சார்பில் வென்றனர். இருவரும் பின்னர் கட்சியை விட்டு நீங்கினர். நீங்கினோர் பதவியை நாடினர் என்று தமிழ்த் தலைவர்கள் குறைகூறுவதுண்டு. அக்குறை முழு விளக்கமாகாது. தமிழ் பேசுவோர் என்ற ஒருமையினுள் முஸ்லிம்களின் தனியிடம் யாது என்ற வினா விடையின்றியே கிடந்தது.

1977இல் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி தமிழர் விடுதலைக் கூட்டணியுடன் உடன்பாடு கண்டது. கல்முனைச் சட்டத்தரணி எம். எச். எம். அஷ்ரப் உதயசூரியன் சின்னத்துக்காக மேடைகளில் முழங்கினார். ஆயினும் கூட்டணி பெற்ற 18 ஆசனங்களுள் ஒன்றேனும் முஸ்லிம் ஒருவருக்குக் கிட்டவில்லை. கல்முனையை ஐக்கிய தேசியக் கட்சியின் ஏ. ஆர். மன்சூர் கைப்பற்றினார்.

கூட்டு முறிந்தது, அது புகட்டிய பாடம் முறியவில்லை. 1981இல் காத்தான்குடியில் தொடங்கி 1986இல் அரசியற் கட்சியாக மலர்ந்த ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ், ஈழக் குறிக்கோளை ஏற்கவில்லை. ஆனால் தனித்துவம், தாயகம், அதிகாரப் பகிர்வு என்னும் சொற்களிலேயே அது சிந்தித்தது. தமிழ்க் கட்சிகள் கொழும்பை நோக்கி வைத்த வாதத்தை முஸ்லிம் காங்கிரஸ் தமிழ்க் கட்சிகளையே நோக்கி வைத்தது எனலாம். 1987ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் இணைத்தபோது, கிழக்கில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராயிருந்த முஸ்லிம்கள் இணைந்த மாகாணத்தில் ஆறிலொரு பங்கினராகச் சுருங்கினர். அதற்கு மாற்றாகவே, கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகளை அடித்தளமாகக் கொண்டு, நிலத்தொடர்பற்ற ஏனைய முஸ்லிம் பகுதிகளையும் சேர்த்து ஓர் அலகு வேண்டும் என அஷ்ரப் வாதிட்டார். காரைக்கால், மாகே, ஏனாம் எனச் சிதறிக் கிடந்தும் ஒரே நிருவாகத்தின் கீழுள்ள பாண்டிச்சேரி அதற்கு எடுத்துக்காட்டாயிற்று. 1988 நவம்பரில் நிகழ்ந்த வடகிழக்கு மாகாண சபைத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் 17 ஆசனங்களை வென்றது.

அலகுச் சிந்தனை கட்சி மட்டத்தோடு நிற்கவில்லை. ஊர் மட்டத்துக்கும் இறங்கியது. 2017இல் சாய்ந்தமருது முஸ்லிம்கள் கல்முனை மாநகர சபையினின்று பிரிந்து தமக்கெனத் தனியான உள்ளூராட்சி மன்றம் கோரிக் கடையடைத்தனர்; கோரிக்கையை எழுப்பியோரும் எதிர்த்தோரும் முஸ்லிம்களே. 2019 ஜூனில் கல்முனைத் தமிழர், வடக்கு உப பிரதேச செயலகத்தை முழு அதிகாரமுள்ள செயலகமாக உயர்த்துமாறு கோரி உண்ணாவிரதமிருந்தனர். அந்நகரில் அவர்கள் சிறுபான்மையினர். அவர்கள் முன்வைத்த வாதம் முப்பதாண்டுகளுக்கு முன் அஷ்ரப் முன்வைத்ததே.