வாய்மையும் விளைவும் காலமும்

திருக்குறளின் 30-ஆம் அதிகாரமான வாய்மை துறவறவியலில் இடம்பெறுகிறது. ஆயினும் அதன் முதலிரு குறள்கள் இல்லறத்தாரையே அதிகம் இக்கட்டில் நிறுத்துகின்றன. பிறர்க்குத் தீங்கு செய்யாத சொல்லே வாய்மை என்பது முதலாவது. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையாகக் கொள்ளப்படும் என்பது அடுத்தது. நடந்ததை நடந்தபடி சொல்வது மட்டுமே வாய்மை என்னும் கருத்து இதனால் விலக்கப்படுவதாகப் பரிமேலழகர் உரை கொள்கிறது.

மகாபாரதக் கர்ண பருவத்தில் வரும் கௌசிகன் கதையும் இந்தப் பக்கமே சாய்கிறது. உண்மையே பேசும் விரதம் பூண்ட அவன், கொள்ளையருக்கு அஞ்சிக் காட்டில் ஒளிந்தோர் இருக்குமிடத்தைக் கொள்ளையரிடமே சொல்லிவிட்டான். ஒளிந்தவர்கள் மாண்டார்கள், அவன் நரகம் புகுந்தான். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட் 1797-இல் ஏறத்தாழ இதே கேள்விக்கு நேர்மாறான விடை எழுதினார். நண்பனைத் தேடிக் கொலைகாரன் வாசலுக்கு வந்தாலும் பொய் கூடாது என்றார். நண்பன் யாருக்கும் தெரியாமல் வெளியேறியிருக்கலாம். பொய்யை நம்பித் திரும்பிய கொலைகாரன் வழியில் அவனைக் கண்டால், பழி பொய் சொன்னவருக்கே. விடை ஈவிரக்கமற்றதுதான். ஆனால் விளைவு பிந்தி வருவது, சொல்லும் நேரத்தில் அது கண்ணில் படாது என்னும் சிக்கலை அவர் சரியாகவே தொட்டார்.

மலாயாத் தோட்டங்களில் இது ஏட்டுக் கேள்வியாக நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஆள் சேர்த்த ஜப்பானியர், குறுகிய கால வேலை, நல்ல கூலி என்று பரப்பினார்கள். ஆள் போதாதபோது வலுக்கட்டாயமாகப் பிடித்துச் சென்றார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. பேராக் மாநிலத்தில் செமோர் போன்ற ஒரு வட்டாரத்து ரப்பர்த் தோட்டத்தில், ஆள் பிடிக்க வந்து லயத்து வாசலில் நின்றவனிடம் "மகன் இங்கே இல்லை" என்று ஒரு தாய் சொல்வதாகக் கொண்டால், குறள் அவளைப் பழிக்காது. ஆனால் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு விதிக்கப்பட்டிருந்தால், அந்த மகனுக்குப் பதிலாக அடுத்த வீட்டுப் பிள்ளை போக நேரும். அப்போது அந்த நன்மை குற்றமற்றதா? பொய்க்கு வள்ளுவர் தந்த இடம் எவ்வளவு குறுகியது என்பது இங்கேதான் புலப்படும்.

ஆபத்து நீங்கிய பிறகு அந்த இடமும் இல்லை. காப்பாற்ற வேண்டிய உயிர் ஏதும் மிஞ்சாதபோது உண்மையை மறைக்கக் காரணமும் இராது. அந்த ரயில் பாதையில் மாண்டோர் பற்றிய உண்மைக்கும் இது பொருந்தும். தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் நேச நாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். மலாயாவிலிருந்து பாதை வேலைக்குப் போன தொழிலாளர்கள் 70,000-க்கு மேற்பட்டவர்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் கணக்குகள் இன்றும் ஒத்துப்போகவில்லை.