கோணல் எஞ்சினுக்குப் பாகம் செய்தவர்கள்

ரெண்டு வாரமா ஷே எஞ்சின் படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் பார்வைக்கு விபத்தில் அடிபட்ட ரயில் எஞ்சின் மாதிரி இருக்கும். கொதிகலன் நடுவில் இல்லை, இடப்பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருக்கும். வலப்பக்கத்தில் ரெண்டோ மூணோ சிலிண்டர்கள் செங்குத்தாக நிற்கும். அந்தப் பக்கத்துக் கனத்தை ஈடுகட்டத்தான் கொதிகலனை இந்தப் பக்கம் தள்ளினார்கள். செய்த கம்பெனி மூடி எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்த எஞ்சின்களில் சில இன்னும் ஓடுகின்றன. அதற்குப் பாதிக் காரணம் இந்தக் கோணல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எஃப்ரைம் ஷே அமெரிக்காவின் மிச்சிகனில் மரத்தொழில் செய்தவர். அங்கே வெட்டிய மரத்தைப் பனிக்காலத்தில்தான் சறுக்குவண்டியில் ஏற்றி இழுக்க முடியும். பனி சரியாக விழாத வருஷம் தொழில் படுத்துவிடும். வருஷம் முழுக்க மரம் இழுக்க ஒரு வழி தேடி, தட்டையான ரயில் வண்டி மேல் கொதிகலனை ஏற்றிப் பார்த்தார். 1881-ல் காப்புரிமை கிடைத்தது. ஒஹாயோ மாநிலத்து லைமா நகரில் இருந்த ஒரு எந்திரப் பட்டறை அதைச் செய்து விற்க ஆரம்பித்து, 1945 வரை சுமார் 2,770 எஞ்சின்கள் செய்தது.

சாதாரண நீராவி எஞ்சினில் பிஸ்டன் தண்டு சக்கரத்தை நேராகப் பிடித்துச் சுற்றும். ஷேயில் அப்படி இல்லை. பிஸ்டன்கள் ஒரு கிராங்க் ஷாஃப்டைச் சுற்றும். அதிலிருந்து முன்னும் பின்னும் நீளமாக ஒரு தண்டு போகும். லாரிக்கு அடியில் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி யுனிவர்சல் ஜாயின்ட் இடையிடையே வரும். சக்கரங்களின் வெளிமுகத்தில் பெவல் கியர், அதோடு கடித்துச் சுற்ற சின்னப் பல்சக்கரம். ஆக எல்லாச் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். வேகம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் மேற்கு வர்ஜீனியாவின் காஸ் மலைப்பாதையில் நூறடிக்குப் பதினோரடி ஏறும் இடங்களில்கூட மரவண்டிகளோடு ஏறிவிடும்.

பழுதுபார்ப்பவனுக்கு முக்கியமான சங்கதி வேறு. தேயக்கூடிய பாகங்களில் பெரும்பாலானவை வெளியே, கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றன. காட்டு நடுவில் நின்றுபோனால் இழுத்துவரக் கிரேன் வராது. ஜாக்கி, சுத்தியல், ஒரு கொல்லுலை, இவ்வளவுதான் இருக்கும். பேரிங் தேய்ந்தால், ஈயம் உருக்குவது போல வைட் மெட்டலை உருக்கி, தண்டைச் சுற்றிக் களிமண் அணை கட்டி அங்கேயே ஊற்றுவார்கள். ஆறியபின் சுரண்டிச் சுரண்டிப் பொருத்துவார்கள். பெரிய பாகம் என்றால் லைமாவுக்கு எழுதிப் போட்டால் வந்துவிடும்.

அந்த வழிதான் அடைபட்டது. லாரி வந்தது, டீசல் வந்தது. 1951-லேயே லைமாவில் ரயில் எஞ்சின் செய்வது நின்றுபோனது. காஸில் 1901-ல் ஒரு காகிதக் கம்பெனி கட்டிய மர ஊர். அங்கே அறுப்பாலை 1960-ல் மூடியது. தண்டவாளம் பழைய இரும்புக்காரர் கைக்குப் போய்விட்டது. ரயில் பைத்தியங்கள் சிலரும் உள்ளூர்க்காரர்களும் கத்திய கத்தலில் 1961-ல் மாநில அரசே வாங்கியது. 1963-ல் மரத்துக்குப் பதில் மனிதர்களை ஏற்றிக்கொண்டு அதே எஞ்சின்கள் மலையேறின.

சரி, பல்சக்கரம் உடைந்தால் என்ன செய்வது? துருப்பிடித்துக் கிடக்கும் இன்னொரு ஷேயிலிருந்து கழற்றலாம். அதுவும் தேய்ந்ததாகத்தான் இருக்கும். தவிர, பல்லும் பல்லும் வருஷக்கணக்கில் ஜோடியாகத் தேய்ந்து பழகியவை. ஒன்றை மட்டும் மாற்றினால் கடகடவென்று சத்தம் போட்டு இன்னொன்றைத் தின்றுவிடும்.

புதிதாக வார்க்கலாம் என்றால், பழைய சக்கரத்தையே மணலில் பதித்து அச்சு எடுத்தால் ஆச்சு என்றுதான் நானும் நினைத்தேன். ஆகாது. உருகிய எஃகு ஆறும்போது அடிக்குக் கால் அங்குலம் போலச் சுருங்கும். வார்ப்பிரும்பு அதில் பாதி. ரெண்டடிச் சக்கரம் அரை அங்குலம் குறைந்து வரும், பல் எதுவும் சேராது. அதனால் மரத்தில் கொஞ்சம் பெரிதாகத் தனி மாதிரி செய்யவேண்டும். இதற்கென்று மாதிரித் தச்சர்கள் வைத்திருந்த அளவுகோல் ஒன்று உண்டு. அதில் ஓரடி என்று இருப்பது உண்மையில் ஓரடியை விடக் கூட. பொய் சொல்வதற்காகவே செய்த அளவுகோல்! கையில் இருப்பதோ தேய்ந்துபோன பல். அது புதிதாக இருந்தபோது எப்படி இருந்தது என்று கணக்குப் போட்டுத்தான் அந்தப் பொய்யையும் சொல்லவேண்டும். இன்று கம்ப்யூட்டர் எந்திரத்தில் எஃகுக் கட்டியிலிருந்தே பல் வெட்டலாம். ஆனாலும் அந்தப் பழைய பல்லின் கணக்கை யாராவது உட்கார்ந்து போட்டாகவேண்டும்.

காஸுக்கு ஒரு அதிர்ஷ்டமும் அடித்தது. லைமா கடைசியாகச் செய்த ஷே, 1945-ல் வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வேக்காக வந்த எண் 6. அமெரிக்கக் கணக்கில் 162 டன். நிலக்கரிச் சுரங்கப் பாதையில் சில வருஷமே ஓடிவிட்டு பால்டிமோர் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே கால் நூற்றாண்டுக்கு மேல் சும்மா நின்றதால் பெரிதாகத் தேயவில்லை. 1980 வாக்கில், பழைய ஷே ஒன்றைக் கொடுத்து இதை வாங்கிக்கொண்டது காஸ். காட்சிக்கு நிற்க எதுவானாலும் போதும், மலையேறத்தான் தேயாத எஞ்சின் வேண்டும். நல்ல பேரம் என்பேன்.

இப்படி மாற்றி மாற்றிக் கடைசியில் எது எந்த எஞ்சின் என்ற சண்டை ஆர்வலர்களிடம் ஓயாது. லைமாவில் பாகங்களில் எஞ்சினின் எண்ணை அடித்து அனுப்புவார்கள். பழைய ஷே ஒன்றைத் துடைத்துப் பார்த்தால் வேறு எஞ்சின்களின் எண்களும் தெரியும். அசல் போச்சு என்பார்கள் சிலர். எனக்கு அதில் வருத்தமில்லை. மரக் கம்பெனிக்காரர்களே அப்படித்தான் ஓட்டினார்கள்.

அமெரிக்க விதிப்படி 1,472 நாள் ஓடினாலோ 15 வருஷம் ஆனாலோ, எது முந்துகிறதோ அப்போது, கொதிகலனை முழுக்கப் பிரித்துச் சோதிக்கவேண்டும். காஸின் எண் 5 செய்யப்பட்டது 1905-ல். அதே மலையில் நூறு வருஷத்துக்கு மேல் ஏறி இறங்கியிருக்கிறது. அதற்கும் இதே கணக்குதான்.