சேர் வில்லியம் டோசனும் கனடாவின் பாறைப்படைகளும்

1859ஆம் ஆண்டு அறிவியல் வரலாற்றில் டார்வினின் ஆண்டாகவே நினைவுகூரப்படுகின்றது. 'உயிரினங்களின் தோற்றம்' என்ற அவரது நூல் அவ்வாண்டு நவம்பர் மாதம் லண்டனில் வெளியாயிற்று. அதே ஆண்டில் லண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் காலாண்டிதழில், கனடாவிலிருந்து அனுப்பப்பட்ட ஆய்வுக் கட்டுரையொன்றும் வெளிவந்தது. உண்மையான வேரோ அகன்ற இலையோ இல்லாத ஒரு பழங்காலச் செடியைப் பற்றிய கட்டுரை அது. டார்வினின் நூலை உலகமே விவாதித்தது. அந்தச் செடியையோ அரை நூற்றாண்டுக்கு மேலாக அறிஞர் பெருமக்கள் ஐயத்துடனேயே நோக்கினர்.

கட்டுரையை எழுதியவர் ஜோன் வில்லியம் டோசன். மொன்றியல் நகரின் மக்கில் கல்லூரியை 1855 முதல் 1893 வரை அதிபராக இருந்து பல்கலைக்கழகமாக வளர்த்தெடுத்தவர். ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுடையவர். டார்வினின் கூர்ப்புக் கொள்கையை (பரிணாமக் கொள்கை என்றும் இதனைச் சொல்வர்) இறுதிமூச்சுவரை எதிர்த்தவர். அதனாலேயே பிற்கால வரலாற்றாசிரியர் பலர் அவரைப் பழைமைவாதியென்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டனர். ஆனால் பாறைகளிலிருந்து அவர் வெளிக்கொணர்ந்த சான்றுகளோ, அவர் எதிர்த்த கொள்கைக்கே பெருந்துணையாக அமைந்தன. ஒருவருடைய நம்பிக்கையையும் அவர் தரும் சாட்சியத்தையும் எவ்வாறு பிரித்துப் பார்ப்பது என்பதற்கு டோசனின் வாழ்க்கையைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது.

டோசன் 1820இல் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் பிக்டோ துறைமுக நகரில் பிறந்தார். ஸ்கொட்லாந்திலிருந்து குடியேறிய தந்தையார் புத்தகக் கடை வைத்திருந்தார். பள்ளிப் பருவத்தில், சிலேற்றுப் பென்சில் செய்வதற்காக மென்மையான களிக்கல்லைத் தோண்டியபோது, கல்லினுள்ளே இலையொன்றின் வடிவம் பதிந்திருப்பதைச் சிறுவன் டோசன் கண்டான். உயிர்ச்சுவடுகள் மீதான அவரது நாட்டம் அன்று தொடங்கியது. பின்னர் எடின்பரோவில் கற்றுத் திரும்பிய அவர், 1842இல் நோவா ஸ்கோஷியாவுக்கு வந்த புகழ்பெற்ற புவிச்சரிதவியலாளர் சாள்ஸ் லயலைச் சந்தித்தார். அந்த நட்பு லயல் மறையும்வரை நீடித்தது.

டோசனின் ஆய்வுகள் பெரும்பாலும் இரு காலப்பகுதிகளைச் சார்ந்தவை. முதலாவது டெவோனியன் காலம். ஏறத்தாழ 42 கோடி முதல் 36 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. தாவரங்கள் தரையில் காலூன்றிப் பரவிய காலம் அது. அடுத்தது கார்பனிபெரஸ் காலம். அதன் பின் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை நீடித்தது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தோண்டப்பட்ட நிலக்கரியின் பெரும்பகுதி அக்காலத்துச் சதுப்புக் காடுகள் விட்டுச்சென்ற சொத்தாகும்.

கார்பனிபெரஸ் காலத்தைப் படிக்க டோசனுக்குக் கிடைத்த திறந்த ஏடு, ஃபண்டி வளைகுடாக் கரையிலுள்ள ஜொகின்ஸ் செங்குத்துப் பாறைகள். உலகிலேயே மிக உயர்ந்த வற்றுப்பெருக்கு நிகழும் கடற்கரை அது. அலைகள் ஓயாது பாறையை அரிப்பதால் புதிய படைகள் வெளிப்பட்டுக்கொண்டேயிருக்கும். கனடிய நிலவியல் அளவைத் திணைக்களத்தை நிறுவிய வில்லியம் லோகன், 1843இல் இப்படைகளை ஒவ்வொன்றாக அளந்து, மொத்தத் தடிப்பு 14,570 அடி 11 அங்குலம் எனக் கணக்கிட்டார். கடைசி அங்குலத்தையும் விட்டுவைக்காத அந்தக் கவனமே டோசனுக்கும் வழிகாட்டியது.

ஜொகின்ஸ் பாறைகளில் பழங்கால மரங்கள் நின்ற நிலையிலேயே கல்லாகியுள்ளன. 1852இல் டோசனும் லயலும் அத்தகைய அடிமரமொன்றின் உட்புறத்தை ஆராய்ந்தபோது, சிறிய எலும்புகளைக் கண்டனர். அது நிலக்கரிக் காலத்தில் நிலத்தில் உலாவிய நாற்கால் விலங்கின் எச்சம். அதனுடன் நிலநத்தையின் ஓடும் கிடைத்தது. இம்மரங்களின் பட்டை உறுதியானது, உட்பகுதி மென்மையானது. வெள்ளம் கொண்டுவந்த மணலும் சேறும் மரத்தைச் சூழ்ந்து மூடியபின் உட்பகுதி உக்கிப் போக, அடிமரம் ஒரு குழியாக மாறியது. நிலத்தில் திரிந்த விலங்குகள் அதனுள் தவறி விழுந்து மீளமுடியாமல் மடிந்தன என்று டோசன் விளக்கினார். அவை அக்குழிகளை வளைகளாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். விளக்கம் மாறினாலும் எலும்புகள் மாறவில்லை.

இவ்வாறு கிடைத்தவற்றுள் ஒன்றுக்கு, லயலைச் சிறப்பிக்கும் வகையில் 'ஹைலோனோமஸ் லயெல்லி' என்று 1860இல் டோசன் பெயரிட்டார். ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் நீளமுடைய, பல்லியைப் போன்ற சிறு பிராணி அது. ஒரு நூற்றாண்டின் பின், 1964இல், மக்கில் பல்கலைக்கழகத்தின் றொபேட் கரோல் அதனை விரிவாக ஆராய்ந்து, அறியப்பட்ட மிகப் பழைய ஊர்வனவற்றுள் ஒன்றென நிலைநாட்டினார். 2025இல் அவுஸ்திரேலியாவில் ஏறத்தாழ 35 கோடி ஆண்டுப் பழைமையுடைய நகத்தடங்கள் பற்றிய ஆய்வு வெளியாகி, இக்குலத்தின் வரலாற்றை மேலும் பின்னோக்கித் தள்ளியுள்ளது. அவை காற்தடங்கள் மட்டுமே. எலும்புச் சான்றைப் பொறுத்தவரை டோசனின் சிறு பிராணிக்குரிய இடம் இன்னும் பறிபோகவில்லை.

டார்வினும் ஜொகின்ஸை அறிந்திருந்தார். அங்கே வேர்களோடு கூடிய பழைய நிலப்படைகள் 68 வெவ்வேறு மட்டங்களில் ஒன்றின்மேலொன்றாக இருப்பதை லயலும் டோசனும் கண்டறிந்ததைத் தமது நூலிலேயே குறிப்பிட்டார். அந்நூலை டோசன் 1860இல் கடுமையாக விமர்சித்து எழுதினார். தாம் எதிர்த்த நூலுக்குள்ளேயே சாட்சியாக அவர் நின்றார் என்பது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

இனி, தொடக்கத்தில் சொன்ன செடிக்கு வருவோம். கியூபெக்கின் காஸ்பே தீபகற்பத்து டெவோனியன் மணற்கற்களிலிருந்து லோகன் சேகரித்த தாவர எச்சங்கள் டோசனிடம் ஒப்படைக்கப்பட்டன. அவரும் அங்கு நேரில் சென்று ஆராய்ந்தார். நிலத்தோடு படர்ந்த தண்டு, அதிலிருந்து மேலெழுந்து கவர்விட்டுப் பிரியும் கிளைகள், கிளை நுனிகளில் வித்திப்பைகள் என்று அதன் உருவத்தை வரைந்து 'சைலோபைட்டன்' எனப் பெயரிட்டார். இன்றைய எந்தச் செடியையும் முழுமையாக ஒத்திராத அவ்வுருவத்தை ஐரோப்பிய அறிஞர்கள் நம்பத் தயங்கினர். 1870இல் லண்டன் அரச கழகத்தின் உயர்மதிப்புப் பெற்ற பேக்கேரியன் சொற்பொழிவை நிகழ்த்த அழைக்கப்பட்ட டோசன், வட அமெரிக்காவின் கார்பனிபெரஸுக்கு முற்பட்ட தாவரங்களைப் பற்றியே பேசினார். கழகமோ அதன் சுருக்கத்தை மட்டும் பதிப்பித்து, முழு ஆய்வையும் வெளியிட மறுத்துவிட்டது. அதனைக் கனடிய நிலவியல் அளவைத் திணைக்களமே 1871இல் நூலாக வெளியிட்டது.

நம்பாத உலகத்துக்கு விடை ஸ்கொட்லாந்தில் காத்திருந்தது. றைனி என்ற கிராமத்தருகே வில்லியம் மக்கி என்ற மருத்துவர் கண்டெடுத்த கற்களில், வெந்நீரூற்றின் சிலிக்காவால் கல்லாகிப்போன டெவோனியன் செடிகள் கலம் கலமாகப் பாதுகாக்கப்பட்டிருந்தன. கிட்ஸ்டன், லாங் என்னும் இருவரும் 1917 முதல் 1921 வரை அவற்றை விவரித்தனர். இலையற்ற தண்டு, கவர்விடும் கிளை, நுனியில் வித்திப்பை! டோசன் வரைந்த அமைப்பு மெய்யென்று தெரிந்தது. அச்செடிகளின் வரிசைக்கு அவர்கள் சூட்டிய பெயரும் சைலோபைட்டனிலிருந்தே பிறந்தது. டோசன் இறந்து அப்போது 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரது படத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளின் பகுதிகள் கலந்துவிட்டன என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின; ஆயினும் அடிப்படைக் கருத்து நிலைத்தது.

இத்தோடு நிறுத்தினால் இது புறக்கணிக்கப்பட்ட மேதையொருவரின் கதையாக முடிந்துவிடும். ஆனால் மறுபக்கமும் உண்டு. கனடாவின் மிகப் பழைய சுண்ணாம்புப் பாறைகளில் மெல்லிய பட்டைகளாக அமைந்த ஒரு வடிவத்தை, உலகின் முதல் விலங்கென்று கருதி, 'ஈயோசூன் கனடென்சே' என டோசன் 1865இல் பெயரிட்டார். 'கனடாவின் விடியற்கால விலங்கு' என்பது அதன் பொருள். இம்முறை உலகம் கைதட்டியது. லயல் 1864ஆம் ஆண்டுத் தலைமையுரை ஒன்றிலேயே அதனைப் போற்றினார். டார்வினும் தமது நூலின் பிந்திய பதிப்பில் அதனை வரவேற்றார். ஆதி விலங்கிலிருந்து படிப்படியாக ஏனையவை தோன்றின என்பதற்கு அது சான்றென டார்வினின் அணியினர் எண்ணினர். அதற்கும் அடுத்த உயிர்ச்சுவடுகளுக்குமிடையே உள்ள பெரும் இடைவெளி கூர்ப்பை மறுக்கிறதென டோசன் எண்ணினார். இரு தரப்பாருக்கும் அது தேவைப்பட்டது.

அயர்லாந்தின் கோல்வே நகரைச் சேர்ந்த கிங், றவுனி என்னும் இருவர் மட்டும் 1866இலேயே அது உயிரன்று, வெறும் கனிய அமைப்பு என்று வாதிட்டனர். 1894இல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை கக்கிய கற்களிலும் அதே அமைப்பு இருப்பது காட்டப்பட்டது. நெருப்பில் வெந்த கல்லில் உயிர் வாழ்ந்திருக்க இயலாது. அத்துடன் வழக்கு முடிந்தது. டோசன் மட்டும் 1899இல் கண்மூடும்வரை தீர்ப்பை ஏற்கவில்லை.

மெய்யான செடியைக் காட்டியபோது நம்ப மறுத்த அதே அறிவுலகம், பொய்யான விலங்கைக் காட்டியபோது ஆரவாரித்தது ஏன்? செடி எவருடைய எதிர்பார்ப்பிலும் பொருந்தவில்லை. விலங்கு எல்லோருடைய எதிர்பார்ப்பிலும் பொருந்தியது. பத்திரிகைத் தொழிலில் உள்ளோருக்கு இது புதிய அனுபவமன்று. வாசகரும் ஆசிரியரும் விரும்பும் செய்தியே சரிபார்க்கப்படாமல் அச்சேறுகின்றது. எவருக்கும் உவப்பில்லாத செய்தி, எத்துணை ஆதாரத்தோடு வந்தாலும், மேசையில் கிடந்து தூசி படிகின்றது.

டோசனை மதிப்பிடும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். அவரது கருத்துகளைக் கொண்டு அவரது சான்றுகளைத் தள்ளிவிட முடியாது; அவரது சான்றுகளின் பெருமையைக் கொண்டு அவரது பிழைகளை மூடிவிடவும் முடியாது. ஜொகின்ஸ் பாறைகள் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவரது சேகரிப்புகளுக்காக மக்கில் வளாகத்தில் 1882இல் திறக்கப்பட்ட றெட்பாத் அரும்பொருட்சாலை இன்றும் இருக்கின்றது. மொன்றியலில் வாழும் நம் வாசகர்கள் ஓய்வு கிடைக்கும்போது பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாம். பாறையில் கண்டதை ஒருவர் எவ்வளவு நேர்மையாகப் பதிவு செய்தார் என்பதையும், காண விரும்பியதை அவரே எங்கே கண்டதாக எண்ணிக்கொண்டார் என்பதையும் அவர்களுக்குச் சேர்த்தே சொல்லிக் கொடுப்பது நன்று.