வீட்ல ஒருத்தர் மாதிரி

2019 பிப்ரவரி. அப்போது நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் குடியிருந்தோம். எங்கள் இரண்டு வயது மகனைப் பார்த்துக்கொள்ள ஒன்றரை வருடமாக வந்துகொண்டிருந்தவர் நேபாளத்துக்காரர். 'தீதி' என்று கூப்பிடுவோம். பையனுக்கு வந்த காய்ச்சல் மூன்றாம் நாள் அவரையும் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் வரவில்லை. வெள்ளிக்கிழமை, வாரச் சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கைக் கழித்துவிட்டு உறையை நீட்டினேன்.

எண்ணிப் பார்த்தார். "ரெண்டு நாள் காசு எங்க?"

"நீங்க வரலையே தீதி. மத்தபடி நீங்க எங்க வீட்ல ஒருத்தர் மாதிரிதான்."

"வீட்ல ஒருத்தருக்குக் காய்ச்சல்னா காசு புடிப்பீங்களா?"

அதே வாரம் நானும் ஒருநாள் படுத்துக் கிடந்தேன். ஆபீஸ் சாட்டில் 'உடம்பு சரியில்லை' என்று தட்டினேன், அவ்வளவுதான். என் சம்பளத்தில் ஒரு சென்ட் குறையவில்லை. அன்றிரவு சட்டத்தைத் தேட உட்கார்ந்தேன். நல்லெண்ணத்தில் இல்லை, என் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். தேடல் என்னை 1935க்குக் கொண்டுபோனது.

அந்த ஆண்டு அமெரிக்காவில் இரண்டு பெரிய சட்டங்கள் வந்தன. ஒன்று முதுமைக்கால ஓய்வூதியம் தந்தது, இன்னொன்று சங்கம் வைத்துக் கூலி பேசும் உரிமையைத் தந்தது. இரண்டிலும் வீட்டுவேலைக்காரர்களுக்கு இடமில்லை. 1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோதும் அவர்கள் வெளியேதான். தெற்கு மாநிலங்களில் அந்த வேலை செய்த பெண்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்த மாநில அரசியல்வாதிகளைச் சமாதானப்படுத்தவே இந்த விலக்கு என்கிறார்கள் பல வரலாற்றாசிரியர்கள். வீடு வீடாக வரி வசூலிக்க முடியாது என்ற நடைமுறைச் சிக்கல்தான் காரணம் என்பவர்களும் உண்டு. காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான்: சமையலறையில் அவள் தனியாக நின்று தன் கூலியைப் பேச வேண்டும்.

அது எப்படி இருந்தது என்பதற்கு அதே 1935இல் எழுதப்பட்ட சாட்சியம் இருக்கிறது. எல்லா பேக்கர், மார்வெல் குக் என்ற இரு கறுப்பினப் பெண்கள் 'தி கிரைசிஸ்' இதழில் பிராங்க்ஸ் தெருமுனைகளைப் பற்றி எழுதினார்கள். வேலை தேடும் பெண்கள் காலையில் அங்கே வந்து நிற்பார்கள். வீட்டம்மாக்கள் வந்து மணிக்கணக்கில் பேரம் பேசிக் கூட்டிப்போவார்கள். சில வீடுகளில் கடிகார முள்ளைப் பின்னால் தள்ளிவைத்து ஒரு மணி நேரக் கூலியை மிச்சம் பிடித்தார்கள். படித்ததும் என் எக்செல் தாள் ஞாபகம் வந்தது. நான் கடிகாரத்தைத் தொடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

1968இல் அட்லாண்டாவில் டோரதி போல்டன் இந்தப் பெண்களைத் திரட்டினார். ஒன்பது வயதிலேயே வீட்டுவேலைக்குப் போனவர். ஆளுக்கொரு வீட்டில் வேலை செய்பவர்களை எங்கே சந்திப்பது? பஸ்ஸில். எல்லோரும் ஏறும் பஸ்களில் ஏறிப் பேசினார். அவர் தொடங்கிய சங்கத்தால் முதலாளிகளோடு மொத்தமாக ஒப்பந்தம் போட முடியாது. அதனால் ஒவ்வொருத்திக்கும் தனக்காகப் பேசக் கற்றுக்கொடுத்தது. 1974இல்தான் குறைந்தபட்சக் கூலி இவர்களையும் எட்டியது. அப்போதும் உடம்பு முடியாத நாளுக்குச் சம்பளம் என்ற பேச்சே இல்லை. தனியார் வேலையில் நோய் விடுப்புக்குச் சம்பளம் தந்தே ஆகவேண்டும் என்று அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் இன்றும் சொல்வதில்லை.

2000இல் நியூயார்க்கில் பிள்ளை பார்ப்பவர்களும் வீட்டுவேலை செய்பவர்களும் 'டொமெஸ்டிக் வொர்க்கர்ஸ் யுனைடெட்' என்று ஒன்றுசேர்ந்தார்கள். இவர்களுக்குப் பஸ்ஸோடு பூங்காவும் சந்திக்கும் இடமானது. பிள்ளைகள் சறுக்குமரம் ஏறும் நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து நடந்த பேச்சு அது. பல வருடம் ஆல்பனிக்கு நடையாய் நடந்து, 2010 ஆகஸ்ட் 31 அன்று ஆளுநர் டேவிட் பேட்டர்சனிடம் கையெழுத்து வாங்கினார்கள். நோய் விடுப்பு, வேலையை விட்டு அனுப்ப முன்னறிவிப்பு என்று நிறையக் கேட்டிருந்தார்கள். விடுப்பாகக் கிடைத்தது, ஒரு வருடம் வேலை செய்தால் 3 நாள். 2014இல் நகரச் சட்டம் நோய்க்கென்று 2 நாள் சேர்த்தது. 2020இல் அது திருத்தப்பட்டு, வருடத்துக்கு 40 மணி நேரம் வரை ஆனது.

ஆக 2019இல் தீதிக்கு அந்த இரண்டு நாள் சம்பளம் நான் பார்த்துப் போடும் தர்மமில்லை, அவருடைய உரிமை. திங்கட்கிழமை பணத்தைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். "பார்க்ல எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியல," என்றார். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. எனக்கே தெரியும் என்று நினைத்துத்தான் கேட்டிருக்கிறார்.

ஒரு பக்க ஒப்பந்தம் எழுதினோம். படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "நீங்க ஊருக்குப் போற மூணு வாரம்?"

அதற்குச் சட்டத்தில் பதில் கிடையாது. பாதிச் சம்பளம் என்று எழுதினேன். அவரும் கையெழுத்துப் போட்டார். அந்த மூன்று வாரமும் அவர் வீட்டு வாடகை முழுசாகத்தான் இருந்திருக்கும்.