வீட்டு எண்ணெய்க் கொதிகலன்: பாதுகாப்பின் வரலாறு

வீட்டு எண்ணெய்க் கொதிகலன் என்பது எண்ணெயை எரித்து நீரைச் சூடாக்கி, அந்த வெந்நீரையோ நீராவியையோ குழாய்கள் வழியாக அறைகளுக்கு அனுப்பி வீட்டைக் கதகதப்பாக வைத்திருக்கும் கருவியாகும். ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும், பிரித்தானியாவில் எரிவாயுக் குழாய் எட்டாத கிராமப்புறங்களிலும், அயர்லாந்துத் தீவிலும் இது இன்றும் பயன்பாட்டில் உள்ளது. வட அயர்லாந்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் எண்ணெயால் சூடேற்றப்படுகின்றன. பெயர் கொதிகலன் என்றாலும் வெந்நீர் முறையில் இயங்கும் கருவியில் நீர் கொதிப்பதில்லை. ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் அளவில் அதன் சூடு நிறுத்தப்படுகிறது. அதில் நீர் கொதித்துவிட்டால் அதுவே ஆபத்து.

சமையல் அடுப்பு எரியும்போது பக்கத்தில் ஓர் ஆள் இருப்பார். எண்ணெய்க் கொதிகலனோ வீட்டின் நிலவறையில், எல்லோரும் உறங்கும் நேரத்திலும், தானே பற்றித் தானே அணைகிறது. ஆளில்லாமல் எரியும் இந்தத் தீயை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்குத் தேடிய விடைகளே இக்கருவியின் வரலாறு. அதில் உள்ள பாதுகாப்பு உறுப்புகள் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஆபத்துக்குப் பதிலாக வந்தவை.

நிலக்கரிக் காலம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நகர வீடுகள் பல நிலக்கரியால் சூடேற்றப்பட்டன. காலையில் சாம்பலை அள்ளுவதும், கரியை வாரிப் போடுவதும், காற்று வரும் மூடியைத் திறந்து மூடுவதும் வீட்டில் ஒருவருடைய அன்றாட வேலையாக இருந்தது. 1885இல் மினியாப்பொலிஸ் நகரைச் சேர்ந்த ஆல்பர்ட் பட்ஸ் என்பவர் ஒரு கருவியை உருவாக்கினார். அறை குளிர்ந்ததும் அது உலையின் காற்று மூடியைத் தானாகத் திறக்கும். அறை சூடானதும் மூடிவிடும். வீட்டின் தீயைக் கவனிக்கும் பொறுப்பு மனிதனிடமிருந்து கருவிக்கு மாறத் தொடங்கியது இப்படித்தான். இவர் தொடங்கிய தொழிலிலிருந்து வளர்ந்த நிறுவனம் 1927இல் மார்க் ஹனிவெல்லின் நிறுவனத்துடன் இணைந்தது. பின்னாளில் எண்ணெய்க் கொதிகலன்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பலவற்றில் காணப்பட்ட ஹனிவெல் என்ற பெயர் இவ்வாறு வந்தது.

வெடிப்பும் விதிகளும்

நீரும் அழுத்தமும் சேர்ந்த ஆபத்து எண்ணெய்க்கு முன்பே அறியப்பட்டிருந்தது. 1905 மார்ச் 20 அன்று மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் நகரில் இருந்த குரோவர் காலணித் தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்தது. கட்டடம் இடிந்து தீப்பிடித்தது. 58 பேர் இறந்தனர். 1907இல் அம்மாநிலம் கொதிகலன்களுக்கான விதிகளை இயற்றியது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் தன் கொதிகலன் விதித்தொகுப்பை 1915இல் வெளியிட்டது.

வீட்டுக் கொதிகலனுக்கும் அடிப்படைப் பாடம் அதுவே. நீரை 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் கனஅளவு ஏறத்தாழ 3 விழுக்காடு கூடுகிறது. மூடிய குழாயமைப்பில் அந்தக் கூடுதல் நீருக்கு இடம் தருவது விரிவுத் தொட்டி. அதையும் மீறி அழுத்தம் ஏறினால் திறந்துகொள்வது பாதுகாப்பு வால்வு. அமெரிக்க வீடுகளில் இது பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தத்தில் திறக்கும். இந்த வால்விலிருந்து நீர் சொட்டுகிறது என்று அதன் வாயை அடைத்துவிடுவது கொதிகலனைக் குண்டாக மாற்றுவதற்குச் சமம். சொட்டுவது நோயின் அறிகுறி. பழுது விரிவுத் தொட்டியிலோ வேறெங்கோ இருக்கக்கூடும்.

நீராவி முறைக் கொதிகலனில் நீர் குறைந்துபோவது இன்னோர் ஆபத்து. நீர் வற்றிய கலத்தின் இரும்பு அளவுக்கு மீறிச் சூடாகும். அந்நிலையில் குளிர்ந்த நீரை விட்டால் அது நொடியில் ஆவியாகும். நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிவடையும் என்பதால் கலம் பிளக்கவோ வெடிக்கவோ கூடும். நீர்மட்டம் தாழ்ந்தால் தீயை அணைக்கும் தடுப்பான் இதற்காகவே பொருத்தப்பட்டது. மிதவை வகைத் தடுப்பானில் சேறு படிந்தால் மிதவை இறங்காது. ஆகவே அதை வாரந்தோறும் திறந்து சேற்று நீரை வெளியேற்ற வேண்டும்.

எண்ணெயின் வருகை

வீடுகளுக்கான தானியங்கி எண்ணெய் எரிப்பான்கள் அமெரிக்காவில் 1920களில் பரவின. சாம்பல் இல்லை, கரி வாரும் வேலை இல்லை என்பதே அவற்றின் கவர்ச்சி. பல வகைகள் முயன்று பார்க்கப்பட்டு, இறுதியில் துப்பாக்கி வகை எனப்படும் எரிப்பான் நிலைத்தது. இதில் ஒரே மோட்டார் காற்றாடியையும் எண்ணெய்ப் பம்பையும் சுழற்றுகிறது. சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் நுண்ணிய துளை வழியாக வெளிவரும் எண்ணெய் பனிப்புகைபோலச் சிதறும். 10,000 வோல்ட் மின்பொறி அதைப் பற்ற வைக்கும்.

தமிழர் வீடுகளில் முன்பு புழங்கிய பம்பு ஸ்டவ்வுடன் இதை ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். பம்பு ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் முதலில் சூடேறி ஆவியாகிப் பின் எரிகிறது. துப்பாக்கி வகை எரிப்பானில் எண்ணெய் துகள்துகளாக உடைக்கப்பட்டு எரிகிறது. பிரித்தானிய வீட்டுக் கொதிகலன்களில் எரிவதும் மண்ணெண்ணெய்தான். அமெரிக்காவில் எரிவது டீசலை ஒத்த எண்ணெய். தேங்கிக் கிடக்கும் இந்த எண்ணெயில் தீக்குச்சியைப் போட்டால் எளிதில் பற்றாது. ஆனால் துகளாகிக் காற்றில் கலந்துவிட்டால் ஒரு பொறி போதும். வசதியும் ஆபத்தும் இந்த ஒரே பண்பிலிருந்து வருகின்றன.

இரண்டாம் உலகப் போரில் செர்மானிய நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்ததால் 1942இல் அமெரிக்கக் கிழக்குக் கரையில் வீட்டு எண்ணெய்க்குப் பங்கீடு வந்தது. போருக்குப் பின் எண்ணெய் மீண்டும் பரவியது. பிரித்தானியாவில் 1952 டிசம்பரில் இலண்டனைக் கவிந்த நச்சுப் புகைமூட்டமும், அதன் விளைவாக வந்த 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டமும் வீடுகளை நிலக்கரியிலிருந்து விலக்கின. வடகடல் எரிவாயு வந்தபின் நகரங்கள் அதற்கு மாற, கிராமங்களில் எண்ணெய் நிலைத்தது.

தீயைப் பார்க்கும் கண்

மோட்டார் சுழன்றும் தீ பற்றாவிட்டால் எண்ணெய் எரியறைக்குள் சேர்ந்துகொண்டே போகும். தீ பற்றியதா என்பதை அறியப் பழைய கருவிகள் புகைக்குழாயில் ஒரு வெப்ப உணரியை வைத்தன. குழாய் சூடேறினால் தீ எரிகிறது என்று பொருள். ஆனால் குழாய் சூடேற நேரமாகும். எனவே தீ இல்லை என்று முடிவு செய்ய அக்கருவி ஒரு நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டது. பின்னர் காட்மியம் சல்பைடு ஒளி உணரி வந்தது. தீயின் வெளிச்சம் பட்டதும் அதன் மின்தடை குறையும். வெளிச்சம் இல்லையேல் 45 நொடியில் எரிப்பான் நின்று பூட்டிக்கொள்ளும். இன்றைய கருவிகள் பலவற்றில் இது 15 நொடிதான்.

இந்த நொடிகளின் மதிப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு ஓர் அமெரிக்கக் காலன், அதாவது 3.785 லிட்டர், எரிக்கும் கருவியில் நொடிக்கு ஒரு மில்லிலிட்டருக்குச் சற்று மேல் எண்ணெய் பாய்கிறது. தீ பற்றாத 90 நொடியில் சேரும் எண்ணெய் ஏறத்தாழ 95 மில்லிலிட்டர். 45 நொடியில் 47. 15 நொடியில் 16.

சிவப்புப் பொத்தான்

பூட்டிக்கொண்ட எரிப்பானை மீண்டும் இயக்கக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. கருவிகளின் காவலைத் தாண்டி மனிதக் கை நுழையும் இடம் இதுவே. பனி இரவில் வீடு குளிர்கிறது, குழந்தைகள் நடுங்குகிறார்கள், பழுது பார்ப்பவர் வரத் தாமதமாகிறது. வீட்டுக்காரர் பொத்தானை அழுத்துகிறார், பற்றவில்லை. மீண்டும் அழுத்துகிறார். 45 நொடிக் கருவியில் பத்து முறை அழுத்தினால் கிட்டத்தட்ட அரை லிட்டர் எண்ணெய் எரியறைக்குள் சேர்ந்துவிடும். பதினோராம் முறை பொறி பற்றினால் அத்தனையும் சேர்ந்து எரியும். புகைக்குழாய் கழன்று வீடு முழுவதும் கரி படியலாம்; கொதிகலனின் கதவு பறக்கலாம்; தீ வெளியே வரலாம்.

அதனால்தான் பொத்தானை ஒரு முறைக்கு மேல் அழுத்தாதீர்கள் என்று பழுது பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். சில புதிய கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தொடர்ந்து மூன்று முறை பற்றாமல் போனால் சாதாரண அழுத்தத்துக்குத் திறக்காதபடி பூட்டிக்கொள்கின்றன. கருவி நின்றுவிட்டதே பழுது என்று வீட்டார் நினைப்பது இயல்பு. உண்மையில் அது தன் கடமையைச் செய்து நின்றிருக்கிறது.

தொட்டியும் குழாயும்

அமெரிக்க வீடுகளின் நிலவறைத் தொட்டி வழக்கமாக 275 காலன், அதாவது சுமார் 1,040 லிட்டர் கொள்ளும். தொட்டியின் அடியில் தேங்கும் நீர் இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே வண்ணம் பளபளத்தாலும் உள்ளே ஓட்டை விழுந்துகொண்டிருக்கலாம். தொட்டி நிரம்புவதை அறிய ஒரு சீழ்க்கைக் குழல் பொருத்தப்பட்டிருக்கும். எண்ணெய் ஏறும்போது வெளியேறும் காற்று அதை ஊதும். ஒலி நின்றதும் எண்ணெய் ஊற்றுபவர் நிறுத்திவிட வேண்டும். தொடக்கத்திலேயே ஒலி கேட்கவில்லையென்றால் ஊற்றவே கூடாது.

எரிப்பானுக்குச் செல்லும் குழாயில் தீத்தடுப்பு வால்வு இருக்கும். சுமார் 74 டிகிரியில் உருகும் உலோகம் அமெரிக்க வகையைத் திறந்து வைத்திருக்கிறது. தீப்பிடித்தால் அது உருகி வால்வு மூடும். பிரித்தானிய முறையில் வால்வு வீட்டுக்கு வெளியிலும் அதன் உணரி கொதிகலனுக்குள்ளும் அமைகின்றன. தரைக்குள் புதைந்த செப்புக் குழாய்கள் அரித்துக் கசிந்ததால், அவற்றுக்கு உறையோ தனிப் பாதுகாப்பு வால்வோ வேண்டும் என்று மாசச்சூசெட்ஸ் மாநிலம் 2008இல் சட்டம் இயற்றியது.

கண்ணுக்குத் தெரியாத வளி

காற்று போதாமல் எரியும் எண்ணெய் கரியையும் கார்பன் மோனாக்சைடையும் உண்டாக்கும். இந்த வளிக்கு நிறமோ மணமோ கிடையாது. இரத்தச் சிவப்பணுக்களில் ஆக்சிசனின் இடத்தை இது பிடித்துக்கொள்வதை பிரெஞ்சு அறிவியலாளர் கிளாட் பெர்னார்டு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆராய்ந்தார். 1890களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் அதைத் தாமே சுவாசித்து அதன் விளைவுகளைப் பதிவு செய்தார்.

1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய்த் தடைக்குப் பின் விலை பன்மடங்காக உயர்ந்தது. மக்கள் சிக்கனம் கருதிச் சன்னல் இடுக்குகளை அடைத்தனர். காற்று வரும் வழியும் சேர்ந்து அடைபட்ட வீடுகளில் கொதிகலன் மூச்சுத் திணறியது. எண்ணெய் குறைவாகச் செலவாகும் புதிய எரிப்பான்களும் அக்காலத்தில் பரவின. அவற்றின் சுடர் பழையதைவிடச் சூடானது. பழைய எரியறை அதைத் தாங்குமா, புகைபோக்கி ஒத்துவருமா என்று பார்க்காமல் எரிப்பானை மட்டும் மாற்றுவது புதிய சிக்கல்களைக் கொண்டுவந்தது.

வீட்டுக்கான கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிகள் 1990களில் பரவலாயின. சிக்காகோ நகரம் 1994இல் அவற்றைக் கட்டாயமாக்கியது. மாசச்சூசெட்ஸில் 2005இன் தொடக்கத்தில், பனி குவிந்து வெப்பச் சாதனத்தின் புகை வழி அடைபட்டதால் 7 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அவள் பெயரால் வழங்கும் சட்டம் அவ்வாண்டே நிறைவேறி, வீடுகளில் இக்கருவியைக் கட்டாயமாக்கியது. எண்ணெயோ எரிவாயுவோ, எரிபொருள் எதுவாயினும் புகைக்கு வழி வேண்டும் என்பதே அதன் பாடம்.

ஆண்டுப் பராமரிப்பு

பிரித்தானியாவில் எண்ணெய்க் கருவிகளைப் பொருத்துவோரைப் பதிவு செய்யும் ஆஃப்டெக் அமைப்பு 1991இல் தோன்றியது. கொதிகலனை ஆண்டுக்கு ஒரு முறை, குளிர்காலத்துக்கு முன், பயிற்சி பெற்றவர் பார்க்க வேண்டும் என்பது இரு நாடுகளிலும் பொது அறிவுரை. அவர் தெளிப்பு முனையையும் வடிகட்டியையும் மாற்றுவார். புகை செல்லும் வழியிலுள்ள கரியைத் துலக்குவார். ஒளி உணரியைத் துடைப்பார். பாதுகாப்புத் தடுப்பான்கள் இயங்குகின்றனவா என்று சோதிப்பார். பிறகு புகைக்குழாயிலிருந்து வெள்ளை வடிதாள் வழியாகச் சிறிது புகையை இழுத்து, தாளில் படியும் கறையை 0 முதல் 9 வரையுள்ள அளவுகோலுடன் ஒப்பிடுவார். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் சுடரும் இந்தச் சோதனையில் தோற்கலாம். ஆகவே சுடரின் நிறத்தை மட்டும் பார்த்து எரிப்பானைச் சரிசெய்வது தவறு.

வீட்டார் செய்யக்கூடியவையும் உண்டு. கொதிகலன் அருகே துணி, தாள், பெயிண்ட் டப்பா வைக்காமல் இருத்தல், காற்றுத் துளைகளை அடைக்காமல் விடுதல், பனிக்காலத்தில் வெளிப்புறப் புகை வழியைத் துப்புரவாக வைத்தல், எச்சரிக்கைக் கருவியை மாதந்தோறும் சோதித்தல் ஆகியவை அவை. எண்ணெய் வாடை, கரி, புதிய இரைச்சல் ஆகியவை கருவி தரும் முன்னறிவிப்புகள். அமெரிக்க வீடுகளில் நிலவறைப் படிக்கட்டின் மேல் இருக்கும் சிவப்புத் தகட்டு மின்விசை அவசர நேரத்துக்கானது. கீழே இறங்காமலேயே எரிப்பானை நிறுத்தலாம் என்பதற்காகவே அது அங்கே வைக்கப்பட்டது.

இன்றைய நிலை

புவி வெப்பமாதலைக் கருத்திற்கொண்டு நார்வே 2020 முதல் கட்டடங்களைக் கனிம எண்ணெயால் சூடாக்குவதைத் தடை செய்தது. மற்ற நாடுகளிலும் வெப்ப ஏற்றிகளும் எரிவாயுவும் எண்ணெயின் இடத்தைப் பிடித்து வருகின்றன. கொதிகலனை அகற்றும்போதும் ஒரு கடைசிக் கவனம் தேவைப்படுகிறது. தொட்டியை எடுத்துவிட்டு, சுவரின் வெளியே நீளும் எண்ணெய் ஊற்றும் குழாயை மட்டும் விட்டுவைத்த வீடுகள் உண்டு. முகவரி மாறி வந்த வண்டி அந்தக் குழாயில் எண்ணெயை ஊற்ற, தொட்டியில்லாத நிலவறையில் நூற்றுக்கணக்கான லிட்டர் எண்ணெய் தேங்கிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. தொட்டி போனால் குழாயும் போக வேண்டும் என்ற விதி அதன் பின்விளைவாகும்.