தமிழ்த் திரைப்படத் தொடக்கங்களில் பதின்பருவம்: காட்சிமொழியும் ஒளிப்பதிவும் (1977–2018)

ஆய்வுச் சுருக்கம்

திரைப்படத்தின் தொடக்கப் பகுதி கதைமாந்தரை அறிமுகப்படுத்துவதோடு நின்றுவிடுவதில்லை. அவர்களை எவ்வளவு தொலைவிலிருந்து, யாருடைய கண்வழியே காண வேண்டும் என்பதையும் அது பார்வையாளருக்கு வரையறுத்துத் தருகிறது. 1977 முதல் 2018 வரை வெளிவந்த தமிழ்த் திரைப்படங்கள் சிலவற்றின் தொடக்கங்கள் பதின்பருவத்தினரை எவ்வாறு காட்சிப்படுத்தின என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. பதின்பருவம் நிகழ்காலமாக அன்றி வளர்ந்தவரின் நினைவாகவே இப்படங்களுள் பலவற்றில் தொடங்குகிறது என்பதும், அவ்வாறு நினைவுகூரும் உரிமை காலப்போக்கில் ஊரைவிட்டு வெளியேறிய ஆணுக்கு உரியதாக மாறியது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள். கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம் இம்முடிபைச் சோதித்துப் பார்ப்பதற்குரிய களமாகக் கொள்ளப்படுகிறது.

முக்கியச் சொற்கள்: பதின்பருவம், திரைப்படத் தொடக்கம், ஒளிப்பதிவு, பின்னோக்கு உத்தி, விருத்தாசலம்.

முன்னுரை

பதின்பருவத்தை மையமாகக் கொண்ட திரைப்படங்களைப் பற்றிப் பேசும்போது உலகத் திரைப்பட வரலாற்றில் இரண்டு தொடக்கங்கள் தவறாமல் சுட்டப்படுகின்றன. நிக்கோலஸ் ரே இயக்கிய ‘ரெபல் வித்அவுட் எ காஸ்’ (1955) படத்தின் தொடக்கத்தில் குடிபோதையில் சாலையில் விழுந்துகிடக்கும் இளைஞன் ஒரு பொம்மைக் குரங்கோடு விளையாடுகிறான். சினிமாஸ்கோப்பின் அகன்ற சட்டகத்தில் காமிரா தரைமட்டத்துக்கு இறங்கி அவனுக்கு எதிரே நிற்கிறது. பிரான்சுவா த்ருஃபோ இயக்கிய ‘நானூறு அடிகள்’ (1959) ஓடும் வாகனத்திலிருந்து பாரிசு நகரத் தெருக்களைக் காட்டித் தொடங்கி, வகுப்பறைக்குள் நுழைகிறது. அங்கே கைமாறிவரும் ஒரு படம் சிறுவன் அந்துவானின் கைக்கு வரும்போது அவன் பிடிபட்டுத் தண்டனை பெறுகிறான். இவ்விரு படங்களுக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. பதின்பருவத்தினன் தன் நிகழ்காலத்திலேயே அறிமுகமாகிறான். அவனை நினைத்துப் பார்ப்பதற்கு வேறொருவர் தேவைப்படவில்லை.

தமிழில் இதற்கு இணையான வரலாறு வேறு வழியில் சென்றது. அவ்வழியை உணர ஒளிப்பதிவாளர்களின் பங்கினைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். பாலுமகேந்திரா, தங்கர் பச்சான், விஜய் மில்டன், பிரேம்குமார் ஆகிய நால்வரும் ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர்கள். இக்கட்டுரை ஆராயும் படங்களுள் நான்கு இவர்கள் இயக்கியவை. எனவே, காமிராவை எங்கு வைப்பது என்ற தொழில்நுட்ப முடிவும், பதின்பருவத்தை எவ்வாறு புரிந்துகொள்வது என்ற கருத்துநிலை முடிவும் இப்படங்களில் பெரிதும் ஒருவரிடமிருந்தே பிறந்தன.

காத்திருக்கும் பெண்: ‘16 வயதினிலே’

பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ 1977 செப்டம்பர் 15 அன்று வெளிவந்தது. ஒளிப்பதிவு பி. எஸ். நிவாஸ். படப்பிடிப்புக் கூடத்தின் அரங்க அமைப்புகளை விட்டுத் திறந்தவெளிக்குக் காமிராவைக் கொண்டுசென்றமை இப்படத்தின் பெருஞ்சிறப்பாகப் பேசப்பட்டுவந்துள்ளது. தொடக்கத்தைப் பொறுத்தவரை, அதைவிட முதன்மையான செய்தி ஒன்று உண்டு. தலைப்பு பதினாறு வயதைச் சொல்கிறது. ஆனால், படம் தொடங்கும்போது பார்வையாளர் காண்பது அவ்வயதைக் கடந்துவிட்ட மயிலை. புகைவண்டி நிலையத்தில் அவள் ஒருவனை எதிர்பார்த்துக் காத்திருக்கிறாள். அங்கிருந்தே கதை பின்னோக்கிச் செல்கிறது. ஆசிரியராக வேண்டும் என்ற விருப்பத்தோடு வளரும் பெண்ணின் வாழ்வு, அவ்விருப்பம் நிறைவேறவில்லை என்பதைக் குறிப்பாக உணர்த்திய பிறகே காட்டப்படுகிறது.

இத்தொடக்கத்தில் நினைவுக்கு உரியவள் மயிலே. நகரத்திலிருந்து வந்த மருத்துவன் திரும்பிச் சென்றுவிடுகிறான். அவளோ ஊரிலேயே இருக்கிறாள். இருப்பவளின் நினைவாகப் பதின்பருவம் சொல்லப்படுவது இப்படத்தின் தனித்தன்மை. மயிலாக நடித்த ஸ்ரீதேவி 1963 ஆகஸ்டில் பிறந்தவர். படம் வெளிவந்தபோது அவருக்குப் பதினான்கு வயது நிறைந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி பதினாறு வயதுப் பெண்ணாகவும், அவ்வயதைக் கடந்து காத்திருப்பவளாகவும் ஒரே படத்தில் தோன்ற வேண்டியிருந்தது. பாடற்காட்சிகளின் மெதுவியக்கம் பதின்பருவ உடலைக் கனவுப்பொருளாக்குகிறது. தொடக்கக் காட்சியின் அசையாத் தன்மையோ அக்கனவின் விலையைக் காட்டுகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறியே படத்தின் காட்சிமொழி எனலாம்.

கடிதமும் இயற்கை ஒளியும்: ‘அழியாத கோலங்கள்’

இலங்கையின் கிழக்குப் பகுதியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்ற பாலுமகேந்திரா இயக்கிய ‘அழியாத கோலங்கள்’ 1979இல் வெளிவந்தது. ‘சம்மர் ஆஃப் ’42’ (1971) என்னும் அமெரிக்கப் படத்தின் தாக்கம் இதில் உண்டு என்பது பரவலாக அறியப்பட்டது. கமல்ஹாசன் ஏற்ற கௌரிசங்கர் என்னும் வளர்ந்த மனிதருக்கு ஒரு கடிதம் வருகிறது. அக்கடிதம் அவரைச் சிறுவயதுக்கு அழைத்துச் செல்கிறது. கிராமத்துச் சிறுவர்களின் உடல்சார்ந்த ஆர்வமும் அச்சமும் இயன்றவரை இயற்கை ஒளியிலேயே பதிவாகியுள்ளன. ஒப்பனையற்ற முகங்களும், ஆற்றங்கரை மரநிழலின் ஒழுங்கற்ற வெளிச்சமும் தமிழ்த் திரையில் பதின்பருவத்துக்குப் புதிய தோற்றம் தந்தன.

ஆயினும், கடிதம் என்னும் வாயில் வழியாகவே பார்வையாளர் உள்ளே நுழைகின்றனர். சிறுவர்களின் குறும்பு, வளர்ந்தவர் ஒருவர் மன்னித்து முடித்த குறும்பாகவே அவர்களுக்குக் கிடைக்கிறது. மேலும், நினைவுக்கு உரியவர் இங்கே மாறிவிட்டார். ‘16 வயதினிலே’யில் ஊரில் தங்கிய பெண் நினைத்தாள். இங்கே ஊரைவிட்டு வந்த ஆண் நினைக்கிறார். இரண்டு ஆண்டு இடைவெளியில் நேர்ந்த இம்மாற்றம் பின்வந்த பல படங்களின் போக்குக்கு முன்னோடியாயிற்று.

மேல்நிலைக் கல்வியும் சீருடையும்

திரைக்கு வெளியே நிகழ்ந்த ஒரு மாற்றமும் இவ்வரலாற்றில் இடம்பெற வேண்டும். தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி அறிமுகமாயிற்று. அதற்குமுன் பள்ளியிறுதித் தேர்வை முடித்தவர்கள் கல்லூரியின் புகுமுக வகுப்புக்குச் சென்றனர். அதன்பின், பதினாறு பதினேழு வயதினர் பள்ளிச் சீருடையிலேயே மேலும் ஈராண்டு நீடித்தனர். பதின்பருவம் என்பது கண்ணால் காணத்தக்க ஒரு சமூகப் பிரிவாக உருப்பெற இம்மாற்றம் துணைசெய்தது. 1981இல் பாரதி–வாசு இயக்கிய ‘பன்னீர் புஷ்பங்கள்’ ஊட்டியில் பள்ளி மாணவர்களின் காதலைக் கதையாக்கியது. அதே ஆண்டில் பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ முட்டம் கடற்கரையில் இரு மதங்களைச் சார்ந்த இளையோரின் காதலைச் சொன்னது. மலையும் கடலும் பின்னணியாக, பதின்பருவம் அன்றாடத் தெருவிலிருந்து விலகிய நிலப்பரப்புக்கு உரியதாகத் தோற்றம் பெற்றது.

2002: இரு தொடக்கங்கள்

2002ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். நான்கு மாத இடைவெளியில் இரு வேறு துருவங்கள் வெளிப்பட்டன. தங்கர் பச்சானின் ‘அழகி’ ஜனவரி 14 அன்றும், கஸ்தூரிராஜாவின் இயக்கத்தில் செல்வராகவன் எழுதிய ‘துள்ளுவதோ இளமை’ மே 10 அன்றும் வெளிவந்தன.

தங்கர் பச்சான் கடலூர் மாவட்டம் பண்ருட்டியை அடுத்த பத்திரக்கோட்டையைச் சேர்ந்தவர். ‘காதல் கோட்டை’ (1996), ‘பாரதி’ (2000) முதலிய படங்களின் ஒளிப்பதிவாளர். தம் ‘கல்வெட்டு’ சிறுகதையை விரித்து ‘அழகி’யை உருவாக்கி, ஒளிப்பதிவையும் தாமே செய்தார். மனைவி, மக்களோடு நகரத்தில் வசதியாக வாழும் சண்முகத்தின் நினைவில் பள்ளிக்காலமும் தனலட்சுமியும் எழுகின்றனர். நடுநாட்டின் செம்மண்ணும் தோப்புகளும் அந்நிலத்தில் வளர்ந்த ஒருவரின் நெருக்கத்தோடு பதிவாகியுள்ளன. இந்நெருக்கமே படத்தின் வலிமை. ஆனால், நினைவுக்கு உரியவர் படித்து வெளியேறிய சண்முகம். தனலட்சுமியோ பின்னாளில் உழைத்துப் பிழைக்க நகரத்துக்கு வந்து, அவர் வீட்டிலேயே பணிப்பெண்ணாகிறாள். ஒரே வகுப்பறையில் தொடங்கிய இரு பதின்பருவங்களுள் ஒன்றுக்கே திரும்பிப் பார்க்கும் ஓய்வு வாய்த்தது. படம் இவ்வேற்றுமையை உணர்ந்தே இருக்கிறது. எனினும், கதை சண்முகத்தின் நினைவுவழியே விரிவதால் அவள் நினைவு எதுவென்று பார்வையாளர் அறிவதற்கு இடம் குறைவு.

‘துள்ளுவதோ இளமை’ இதற்கு மறுதலை. அரவிந்த் கிருஷ்ணா ஒளிப்பதிவு செய்த இப்படம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் அறுவர் வீட்டைவிட்டு வெளியேறுவதைச் சொல்கிறது. தனுஷ் இதில் அறிமுகமானார். படத்தின் முற்பகுதி ஒவ்வொருவரின் இல்லத்திலும் நிலவும் இறுக்கத்தை மாணவர்களின் நிகழ்காலத்திலேயே அமைக்கிறது. சீருடை இங்கே ஏக்கத்தின் அடையாளமன்று. கழற்றி எறியவேண்டிய கட்டு. விடலைக் கவர்ச்சியை வணிகமாக்கியது என்ற குறை இப்படத்தின்மீது சுமத்தத்தக்கதே. ஆயினும், பதின்பருவத்தை மன்னிப்பதற்கு ஒரு வளர்ந்தவரைத் தேடாத தொடக்கம் என்ற வகையில் இதன் வரலாற்று இடத்தை மறுத்தல் இயலாது.

வாக்குமூலமும் சுமையும்

பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ (2012) பின்னோக்கு உத்தியை நினைவிலிருந்து வாக்குமூலத்துக்கு மாற்றியது. முகம் சிதைந்த ஒரு பெண் மருத்துவமனையில் கிடக்க, காவல் ஆய்வாளரின் விசாரணையில் இளையோர் தம் கதையைச் சொல்லத் தொடங்குகின்றனர். விஜய் மில்டன் இதனை நிழற்படங்களுக்கென வடிவமைக்கப்பட்ட சிறிய எண்மக் காமிராவால் பதிவுசெய்தார். அதே படத்துக்குள் பள்ளி மாணவன் ஒருவன் கைப்பேசிக் காமிராவால் ஒரு பெண்ணை அவளறியாமல் படம்பிடிக்கிறான். பதின்பருவத்தினரைப் பார்த்துவந்த காமிரா அவர்கள் கைக்கே வந்தபோது அது வன்முறைக் கருவியாகவும் மாறக்கூடும் என்பதை இப்படம் உணர்த்தியது.

விஜய் மில்டனே இயக்கிய ‘கோலி சோடா’ (2014) கோயம்பேடு சந்தையில் சுமை தூக்கும் நான்கு சிறுவர்களைத் தொடக்கப் பகுதியிலேயே உழைப்பாளர்களாக அறிமுகப்படுத்துகிறது. பள்ளி இல்லை, சீருடை இல்லை, நினைத்துப் பார்ப்பவரும் இல்லை. தமக்கென ஓர் அடையாளம் வேண்டும் என்பதே அவர்கள் போராட்டம். மராத்தியில் நாகராஜ் மஞ்சுளே இயக்கிய ‘ஃபன்ட்ரி’ (2013) படத்தின் தொடக்கம் இங்கு ஒப்பிடத்தக்கது. கரிச்சான் போன்ற ஒரு கருங்குருவியைப் பிடிப்பதற்காகக் கவணோடு புதர்க்காட்டில் அலையும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவனை, அவனது தேடலின் நடுவிலேயே காமிரா சந்திக்கிறது.

பிரேம்குமாரின் ‘96’ (2018) மீண்டும் பழைய வாயிலைத் திறந்தது. அதன் தொடக்கப் பாடலில் நாயகன் தனியே நிலப்பரப்புகளில் அலையும் ஒளிப்படக் கலைஞன். தஞ்சாவூரில் தான் பயின்ற பள்ளியைக் காணும்போது பதின்பருவம் அவனுள் எழுகிறது. அவன் ஊரைவிட்டுச் சென்றவன், ஆண், இப்போது காமிராவும் அவன் கையில். 1979இல் கடிதம் செய்த வேலையை இங்கே பள்ளிக்கூடமும் ஒளிப்படக் கருவியும் செய்கின்றன.

விருத்தாசலத்திலிருந்து நோக்குதல்

இம்முடிபுகளை ஓர் ஊரில் வைத்துச் சோதிப்பது பயன்தரும். திருமுதுகுன்றம் என்று பழம்பெயர் பெற்ற விருத்தாசலம், ‘அழகி’யின் இயக்குநர் பிறந்த மாவட்டத்திலேயே மணிமுத்தாற்றின் கரையில் உள்ளது. சென்னை–திருச்சி இருப்புப்பாதையில் கடலூர், சேலம் தடங்கள் கூடும் சந்திப்பு நிலையம். அண்மையில் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம். பீங்கான் பொம்மைகள், மின்காப்புப் பொருள்கள் முதலியவற்றைச் செய்யும் சிறுதொழிற்கூடங்கள் இவ்வூருக்குப் பீங்கான் நகரம் என்ற பெயரைத் தந்தன. பத்தாம் வகுப்பு முடித்தோர் பீங்கான் தொழில்நுட்பம் பயில்வதற்கு அரசுப் பயிலகமும் இங்கு உண்டு.

இவ்வூர்ப் பதின்பருவத்தினர் முன் குறைந்தது மூன்று வழிகள் உள்ளன: மேல்நிலை வகுப்பு, பயிலகம், சூளை. நான்காவது வழி சந்திப்பு நிலையத்திலிருந்து புறப்படும் தொடர்வண்டி. மேலே ஆராய்ந்த படங்களுள் ‘அழியாத கோலங்கள்’, ‘அழகி’, ‘96’ ஆகிய மூன்றும் நான்காவது வழியில் சென்றவரின் நினைவிலிருந்து தொடங்குகின்றன. அச்சில் களிமண் கூழ் வார்த்து, காயவைத்து, சூளைக்கு அடுக்கும் பதினேழு வயதுக்காரருக்குத் தம் பதின்பருவத்தை ஏக்கத்தோடு நினைத்துப் பார்க்க ஒரு தொலைவு கிட்டுவதில்லை. அவர் அதே ஊரில், அதே தெருவில், அதே வேலையில் வளர்ந்தவராகிறார். பின்னோக்கு உத்திக்குத் தேவையான இடைவெளி அவர் வாழ்வில் இல்லை. எனவே, அவ்வுத்தியைச் சார்ந்த தொடக்கத்துக்குள் அவர் கதைத்தலைவராக நுழைவது அரிது. நுழைந்தால் தனலட்சுமியைப் போலப் பிறர் நினைவின் பொருளாகவே நுழைய நேரும்.

இது பின்னோக்கு உத்தியைக் குறைகூறுவதன்று. ‘16 வயதினிலே’யில் புகைவண்டி நிலையத்தில் நின்றவள் ஊரைவிட்டுச் செல்லாதவள். அங்கே நினைவு ஏக்கமாகாமல் கேள்வியாக நின்றது. உத்தி ஒன்றே, நினைவுக்கு உரியவர் மாறும்போது அதன் பொருளும் மாறுகிறது.

முடிவுரை

தமிழ்த் திரைப்படத் தொடக்கங்களில் பதின்பருவம் மூன்று வகையாகக் காட்சிப்படுத்தப்பட்டுள்ளது: வளர்ந்தவரின் நினைவாக, அதிகாரத்தின்முன் தரும் வாக்குமூலமாக, உழைப்பும் இறுக்கமும் நிறைந்த நிகழ்காலமாக. இவற்றுள் முதல்வகையே ஒளிப்பதிவு அழகியலில் மிகுந்த செழுமை பெற்றது. இயற்கை ஒளி, நிலப்பரப்பின் நெருக்கம், மெதுவியக்கம் ஆகியன அதன் கொடைகள். ஆனால், அச்செழுமை பெரிதும் வெளியேறியோரின் உடைமையாக இருந்துவந்துள்ளது. மூன்றாம் வகைக்கு அதே அளவு கவனமான ஒளியும் பொறுமையான சட்டகமும் வாய்க்கும்போது, சூளைக்கு அருகில் நிற்கும் பதின்பருவத்தினரும் தம் படத்தைத் தாமே தொடங்கிவைக்க இயலும். பதின்பருவத் திரைப்படங்களை ஆராய்வோர் கதைக்கருவையும் காதலையும் மட்டும் நோக்காது, முதற்காட்சியில் காமிரா யாருடைய கண்ணாக இருக்கிறது என்பதையும் வினவுதல் வேண்டும். பள்ளி, தொழிற்கூடம், தொடர்வண்டி நிலையம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து அமைந்த விருத்தாசலம் போன்ற ஊர்கள் அவ்வினாவுக்குப் பொருத்தமான ஆய்வுக்களங்கள்.