காலைக் காப்பியும் மலைச் சாமையும்

சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறும்போது வழிநெடுக நாம் காண்பவை காப்பித் தோட்டங்கள். நிழல் மரங்களின் கீழ் அடர்ந்து நிற்கும் அச்செடிகள் மலையோடு பிறந்தவை என்றே தோன்றும். உண்மையில் அவை இருநூறு ஆண்டுக்கால விருந்தாளிகள். 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் என்பவரே காப்பியையும் பேரி முதலிய பழமரங்களையும் சேர்வராயன் மலையில் அறிமுகம் செய்தவர்.

அதற்கு முன் இச்சரிவுகளில் விளைந்தவை சாமை, தினை, கேழ்வரகு, அவற்றின் ஊடே அவரை, துவரை. இங்குள்ள பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மொழியால் தமிழர், கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ளலாகாது. ஏர் ஓட்ட இயலாத சரிவை அவர்கள் மண்வெட்டியால் கொத்தி விதைத்தார்கள். சில ஆண்டுகளில் அதை ஓய்வுக்கு விட்டு வேறிடம் சென்றார்கள். காட்டை வெட்டி எரித்த இந்த வேளாண்மையால் மரங்களுக்குச் சேதமே இல்லை என்று நாம் வாதிடப் போவதில்லை. ஆனால் அன்று விளைந்தது பெரும்பாலும் விளைவித்தவர் வயிற்றுக்கே சென்றது. மலைக்குக் கீழே இருப்பவர் எதை உண்ணுகிறார், எதைப் பருகுகிறார் என்பது சரிவில் எதை விதைப்பது என்பதைத் தீர்மானிக்கவில்லை.

காப்பி அந்த உறவை மாற்றியது. தொடக்கத்தில் அதைப் பருகியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். நம் முன்னோரின் காலை உணவு நீராகாரம், பழைய சோறு, கூழ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் காப்பி தமிழ் வீடுகளில் இடம்பிடித்தது. அதை உடலுக்கும் ஒழுக்கத்துக்கும் கேடு என்று கண்டித்தவர்களும் இருந்தார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூல் இந்த வரலாற்றைச் சுவைபடச் சொல்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தைகள் அடைபட்டபோது, 1942இல் இயற்றப்பட்ட காப்பிச் சட்டத்தின்படி வாரியமே கொள்முதலையும் விற்பனையையும் ஏற்றது. வெளிநாட்டார் கைவிட்ட நேரத்தில் தோட்டங்களுக்குத் துணை நின்றவற்றுள் நம் வீட்டு வடிகட்டியும் ஒன்று.

காப்பிக்காகக் காடு அழிந்ததா என்றால், அழிந்தது. ஆனால் முற்றிலும் அன்று. இங்கு பெரிதும் பயிராகும் அராபிகா நிழலை விரும்புவது. ஆகவே பலாவும் அத்தியும் பிற காட்டு மரங்களும் ஓரளவு தப்பின. தேயிலை வந்திருந்தால் மலை மொட்டையாகியிருக்கும் என்பது நம் எண்ணம். பின்னாளில் நாட்டு மரங்களின் இடத்தை ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் பிடித்துக்கொண்டது. அது நேராக, விரைவாக வளரும், மரமாகவும் விலைபோகும், மிளகுக் கொடிக்கும் கொழுகொம்பாகும். அத்திப்பழம் தேடிவரும் பறவைக்குத்தான் அதில் ஒன்றுமில்லை.

ஒரு குவளை காப்பிக்குப் பின்னால் ஏறத்தாழ 130 லிட்டர் நீர் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அதில் பெரும்பகுதி வானம் தரும் மழை. அந்த எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பழத்தின் தோலை நீக்கிக் கொட்டையைக் கழுவிய புளித்த நீர் ஓடையில் கலப்பதுதான் கவலைக்குரியது.

காப்பியாவது கண்ணுக்குத் தெரியும் ஆசை. நோன்பு உணவும் ஒரு மலையை மாற்றும் என்பதற்குச் சேர்வராயனுக்குத் தெற்கே உள்ள கொல்லிமலை சான்று. ஒருசந்தி, சுத்தபோசனம் என்று நம் முன்னோர் தவக்காலத்தில் வயிற்றை ஒறுத்ததுபோல, மகாராஷ்டிரத்திலும் வட மாநிலங்களிலும் இந்துக்கள் நோன்பு நாட்களில் தானியத்தைத் தவிர்த்து ஜவ்வரிசி உண்கிறார்கள். போரின்போது மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றதும், மரவள்ளி மாவிலிருந்து அதைச் செய்யும் தொழில் சேலத்தில் வேரூன்றியது. ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். கொல்லிமலையில் சாமை விளைந்த சரிவுகள் பலவற்றில் மரவள்ளி ஏறியது. சாமை நெருங்கி வளர்ந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மரவள்ளியோ மெதுவாகவே நிலத்தை மூடும். கிழங்கு பறிக்கும்போது மண்ணும் கிளறப்படும். அடுத்த மழை அதைக் கொண்டுபோகும். நோன்பிருப்பவர் யாரும் இதை அறிந்து செய்யவில்லை. அறிந்து செய்யாமையே நம் உணவு வழக்கங்கள் பலவற்றின் தன்மை.

மரவள்ளி கையில் பணம் தந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பணத்தோடு அரிசியும் வந்தது. தமிழகத்தில் 2008 முதல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் விலையின்றியும் நியாயவிலைக் கடையில் அரிசி கிடைத்தது. பசியைத் தடுத்த அத்திட்டத்தைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. மலைவீட்டில் களி கிண்டிய பானையில் சோறு வெந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. சாமையின் உமி கெட்டியானது. அதை உரலில் இட்டுக் குத்திப் புடைப்பது பெண்களின் வேலை. நாளெல்லாம் காட்டில் உழைத்துவிட்டு வந்து செய்யும் வேலை. பழைய உணவின் பெருமையைப் பேசும் ஆண்கள் இந்த உலக்கையைப் பற்றிப் பேசுவதில்லை.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் பணியாற்றியபோது இதைச் சரியாகக் கண்டுகொண்டது. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை முதலிய மரபு வகைகளின் விதையைக் காத்ததோடு நில்லாமல், ஊர்களில் உமி நீக்கும் இயந்திரங்களை அமைத்து, மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தது. குத்தும் பாடு குறைந்த இடங்களில் சாமை மீண்டும் உலையேறியது.

ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இப்போது நகரத்தில் நீரிழிவுக்கு அஞ்சுகிற நாம் சாமை அரிசியை நெல்லரிசியைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் காப்பி போன அதே பாதையில் இன்று சாமையும் மலையிறங்குகிறது. இம்முறை அதில் ஒரு பங்கு விளைவித்தவரின் பானைக்கும் மிஞ்சுகிறதா என்பதை, உமி நீக்கும் இயந்திரத்தின் முன் வரிசையில் நிற்கும் அந்தப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும்.